டிட்டோ, பி.சி.ஜி., டோமோ: அணியின் நேரத்தை மாற்றிப் பார்த்த மூன்று சோதனைகள்

மென்பொருள் பொறியாளர்களின் கையில் ஒரு டிஜிட்டல் கடிகாரம். மணிக்கு ஒரு தடவை ஒலிக்கும். ஒலித்ததும், போன ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்தார்களோ அத்தனையையும் தாளில் குறிக்க வேண்டும். நிரல் எழுதியது, பக்கத்து இருக்கைக்காரர் வந்து சந்தேகம் கேட்டது, மேனேஜர் எட்டிப் பார்த்து விசாரித்தது, காபி குடித்தது எல்லாமே அதில் வர வேண்டும். கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை இப்படியே. பிறகு ஆய்வாளர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசுவார்.

அந்த ஆய்வாளர் லெஸ்லி பெர்லோ. 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக இதைச் செய்தார். பின்னாளில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர் ஆனார். அவர் ஒன்பது மாதம் கூடவே இருந்து கவனித்தது, அமெரிக்காவின் ஃபார்ச்சூன் 500 நிறுவனம் (அந்நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களின் பட்டியலில் வருவது) ஒன்றில் வேலை செய்த 17 பேர் கொண்ட மென்பொருள் அணியை. நிறுவனத்துக்கு அவர் வைத்த புனைபெயர் 'டிட்டோ'. அணியின் கையில் இருந்தது ஒரு வண்ண லேசர் பிரிண்டர் திட்டம். கெடு நெருக்கிக்கொண்டிருந்தது.

வேலை, வீடு, சமநிலை என்று பேச்சு வந்தாலே நாம் திரும்பிப் பார்ப்பது தனி ஆளைத்தான். சீக்கிரம் எழுந்திரு, பட்டியல் போடு, முடியாது என்று சொல்லப் பழகு, யோகா செய். இன்னொரு பக்கம் மணிக்கணக்குச் சண்டை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியில் வந்தது. எதிர்த்தவர்களில் பலர் எண்ணைத்தான் எதிர்த்தார்கள். அந்த மணிகளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் மூன்று நிறுவனங்களிலும் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தது அதைத்தான். மூன்றிலும் மாற்றம் பலன் தந்தது. இரண்டில் அது நிலைக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது விஷயம்.

டிட்டோ: பகலில் பேச்சு, இரவில் வேலை

டிட்டோவின் பொறியாளர்கள் தங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்து யோசித்து நிரல் எழுதுவது 'நிஜமான' இன்ஜினியரிங். கூட்டம், அறிக்கை, அடுத்தவருக்கு உதவுவது இதெல்லாம் அதற்கு வரும் இடைஞ்சல். ஆனால் ஒருவர் எழுதும் பகுதி இன்னொருவர் எழுதும் பகுதியோடு ஒட்டினால்தான் பிரிண்டர் ஓடும். ஆகவே பேசாமல் வேலை நடக்காது. பேசினால் நிஜமான வேலை நடக்காது.

தாள்களில் தெரிந்தது இந்தச் சிக்கல்தான். ஒவ்வொரு குறுக்கீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஒருவருக்கு ஒரு பிழை பிடிபடவில்லை, தெரிந்தவரிடம் கேட்கிறார். அவரும் உதவுகிறார். நல்ல விஷயம்தானே? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குமே பகலில் தொடர்ச்சியாக நேரம் கிடைப்பதில்லை. அதனால் யோசித்துச் செய்ய வேண்டியதை அதிகாலைக்கும், எல்லோரும் கிளம்பிய பிறகான நேரத்துக்கும், வாரக் கடைசிக்கும் தள்ளிவிடுகிறார்கள். வீட்டு நேரத்தில் வேலை பங்கு கேட்பது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பெர்லோ அலுவலகத்தோடு நிற்காமல் பொறியாளர்களின் கணவன் மனைவியரிடமும் பேசினார்.

மேனேஜர்களின் பக்கமும் இதே கதை. திட்டம் பின்தங்குகிறது என்ற பயத்தில் நிலவரம் கேட்கிறார்கள், அறிக்கை கேட்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். கேட்கக் கேட்க வேலை இன்னும் பின்தங்குகிறது. அடுத்த வாரம் இன்னொரு நெருக்கடி. நெருக்கடி வந்ததும் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து அதைத் தீர்க்கிறார், மறுநாள் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். நெருக்கடியே வராமல் தன் பகுதியை ஒழுங்காகச் செய்து முடித்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவர் யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்தவருக்கு உதவியதும் எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. எவ்வளவு நேரம் இருக்கையில் தெரிகிறார் என்பதே வேலையில் எவ்வளவு ஈடுபாடு என்பதற்கான அளவுகோல்.

இப்படி ஓடும் இடத்தில் ஒரு தனி ஆள் தன் நேரத்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பிரித்துக்கொண்டாலும் பயன் சொற்பம். அவர் போடும் அட்டவணையை மற்ற பதினாறு பேரும் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். 1999-இல் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவார்ட்டர்லி' இதழில் வந்த கட்டுரையில் பெர்லோ இதை நேரப் பஞ்சம் என்று அழைத்தார். பஞ்சத்தை உண்டாக்குவது அணியின் கூட்டுப் பழக்கம் என்பது அவர் முடிவு.

அமைதி நேரம்

பார்த்ததோடு நிறுத்தாமல் ஒன்றைச் செய்தும் பார்த்தார்கள். முதல் கட்டத்தில் செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள் காலையிலிருந்து நண்பகல் வரை 'அமைதி நேரம்'. யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கேள்வி இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு பிற்பகலில் கேட்கலாம். விதி மேனேஜர்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்த கட்டங்களில் நேரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

முதலில் தெரிந்தது, பெரும்பாலான கேள்விகள் நண்பகல் வரை காத்திருக்கக்கூடியவை என்பது. சிலவற்றுக்குக் கேட்க நினைத்தவரே விடை கண்டுபிடித்துவிட்டார். மேனேஜர்களுக்கு வேறொன்று புரிந்தது: தாங்கள் நிலவரம் கேட்காவிட்டாலும் வேலை நின்றுவிடவில்லை. தன் கேள்வி இன்னொருவரின் காலைப் பொழுதை எவ்வளவு தின்கிறது என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க ஆரம்பித்ததுதான், என் கணிப்பில், இதில் பெரிய ஆதாயம். அமைதி நேரம் இல்லாத பொழுதுகளில்கூட அந்த யோசனை தொடர்ந்திருக்கிறது.

பிரிண்டர் கெடுவுக்குள் வெளிவந்தது. அந்தப் பிரிவில் அது அபூர்வம்.

ஆய்வு முடிந்து பெர்லோ கிளம்பினார். அமைதி நேரமும் மெல்லத் தேய்ந்தது. யாரும் அதை ரத்து செய்யவில்லை, எதிர்க்கவும் இல்லை. பொறியாளர்களுக்கு ஒழுக்கம் போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை நேரத்தின் விதி மாறியது. யாருக்குப் பதவி உயர்வு என்பதற்கான விதி மாறவில்லை. இரவெல்லாம் கண் விழித்து நெருக்கடியைத் தீர்க்கும் வீரருக்கே இன்னமும் கைதட்டல் என்றால், அமைதியாக வேலை செய்து சீக்கிரம் முடிப்பதில் ஒருவருக்கு என்ன லாபம்?

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு கட்டுரை உண்டு. பெர்லோவும் ஜான் வீக்ஸும் 2002-இல் எழுதியது. ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு மென்பொருள் குழுக்கள், ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று இந்தியாவில். அமெரிக்கக் குழுவில் அடுத்தவருக்கு உதவுவது வேண்டாத குறுக்கீடு. இந்தியக் குழுவில் அதே உதவி, திறமையை வளர்த்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. எழுந்து போய்க் கேட்பது, உட்கார்ந்து சொல்லித் தருவது என்ற வெளித்தோற்றத்தில் இரண்டு இடத்திலும் ஒரே காட்சிதான். ஆகவே டிட்டோவின் அமைதி நேரத்தை அப்படியே எடுத்துவந்து நம் அலுவலகத்தில் ஒட்டினால் சரியாக வராமல் போகலாம். புதிதாகச் சேர்ந்தவர் சீனியரின் சீட்டுக்குப் போய் 'ஒரு நிமிஷம் பார்க்கிறீங்களா' என்று கேட்டுத்தான் இங்கே பாதி வேலையைக் கற்றுக்கொள்கிறார். கல்லூரி தராத பயிற்சி அது. அதையும் சேர்த்து அணைத்துவிட்டால் கெடுவைக் காப்பாற்றிவிடலாம், ஆள் தேற மாட்டார்.

பி.சி.ஜி.: கட்டாயமாக ஒரு மாலை

பி.சி.ஜி. எனப்படும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். எல்லா விதத்திலும் டிட்டோவுக்கு எதிர்த்துருவம். இங்கே விற்பதே நேரத்தைத்தான். கிளையன்ட் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுப்பதுதான் சேவை என்ற நம்பிக்கை. கன்சல்டன்ட்கள் வாரத்தின் பெரும்பகுதி கிளையன்டின் ஊரில், ஹோட்டல் அறையில். பெர்லோவும் அவரோடு ஆய்வு செய்த ஜெசிகா போர்ட்டரும் இது போன்ற தொழில்முறைப் பணியாளர்கள் 1,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், 94 சதவீதம் பேர் வாரம் 50 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 65 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். அலுவலகத்துக்கு வெளியே பிளாக்பெர்ரியை (மின்னஞ்சல் பார்க்கும் கைபேசி) பார்த்துக்கொண்டிருக்கும் வாரம் 20, 25 மணி நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. (பிளாக்பெர்ரி போய்விட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது எது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.)

முதல் சோதனை துணிச்சலானது. பாஸ்டன் அலுவலகத்தில் ஒரு அணி. வாரத்தின் நடுவில் ஒவ்வொருவரும் முழுதாக ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். கிளையன்டுக்குக் குறை வராமல் இருக்க அணிக்கு ஆள் பலம் கூட்டப்பட்டது. இரண்டாவது சோதனை இலகுவானது: ஆளுக்கு வாரத்தில் ஒரு மாலை. ஆறு மணிக்கு மேல் வேலை இல்லை, மின்னஞ்சல் பார்ப்பதும் இல்லை. எந்த மாலை என்பது முன்கூட்டியே குறித்தாக வேண்டும்.

ஒரு மாலை! வெளியூர் ஹோட்டலில் தனியாக இருப்பவருக்கு ஒரு மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேலி செய்யத்தான் தோன்றும். அணிகளுக்குள்ளும் சந்தேகம் இருந்தது. எதிர்ப்பு வந்தது மேலே இருந்தவர்களிடமிருந்து மட்டும் என்று நினைத்தால் தவறு. விடுப்பு வேண்டாம் என்று தயங்கியவர்கள் கன்சல்டன்ட்களே. எல்லோரும் ஓடும்போது நான் மட்டும் உட்கார்ந்தால் மதிப்பீட்டில் அடிபடும், வேலையைச் சக ஊழியர் தலையில் கட்டிவிட்டுப் போவதாகும் என்ற பயம். அதனால்தான் அது விருப்பத்துக்கு விடப்படவில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. விருப்பம் என்று வைத்திருந்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நம் அலுவலகங்களில் 'வேண்டுமானால் எடுத்துக்கலாம்' என்று இருக்கும் சலுகைகளின் கதி எல்லோரும் அறிந்தது.

இந்த விதி தானாக நடக்கவில்லை. அதை நடத்தியது வாராந்தரக் கூட்டம். கூட்டத்தில் முதலில் நாட்காட்டியைத் திறந்து பார்ப்பார்கள்: போன வாரம் யார் மாலை எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை, ஏன், வரும் வாரம் யாருக்கு எப்போது. அடுத்து ஒவ்வொருவரும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இப்படி: எப்படி இருக்கிறீர்கள்? கிளையன்டுக்கு நாம் உருப்படியாக ஏதாவது தருகிறோமா? நீங்கள் கற்றுக்கொள்வது உங்களுக்குத் திருப்தியா? இதே வேகத்தில் போனால் தாங்குமா? பார்ட்னர், அதாவது நிறுவனத்தில் பங்குள்ள மூத்த தலைவர், உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு ஜூனியர் 'தாங்காது' என்று சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் அப்படி யாரும் வாய் திறந்துவிட மாட்டார்கள் என்பதை யூகிக்கலாம். பார்ட்னர் தன் கஷ்டத்தை முதலில் சொன்னால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும்.

திட்ட மேலாண்மைக்காரர்கள் இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பேன். புதன்கிழமை மாலை ஒருவர் கைக்கு எட்டமாட்டார் என்று முன்பே தெரிந்தால் என்ன ஆகும்? அவர் செய்யும் வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். பேசும்போது எது அவசியம், எது வீண் வேலை என்பது வெளியில் வரும். கிளையன்டுக்குத் தேவையே இல்லாத இருபது ஸ்லைடுகளை யாராவது நள்ளிரவில் போட்டுக்கொண்டிருந்தால் அது அங்கே பிடிபடும். ஒரு மாலை விடுப்பு என்பது இதையெல்லாம் நடக்க வைக்கும் சாக்கு. ஓய்வு கிடைத்தது போனஸ்.

ஐந்து மாதம் கழித்து எடுத்த கணக்கில், திட்டத்தில் இருந்த அணிகளில் 72 சதவீதம் பேர் வேலையில் திருப்தி என்றார்கள். மற்ற அணிகளில் 49. காலையில் வேலைக்குக் கிளம்ப உற்சாகமாக இருக்கிறது என்றவர்கள் 51 சதவீதம், மற்ற அணிகளில் 27. வேலைக்கும் வாழ்வுக்கும் உள்ள சமநிலை திருப்தி என்றவர்கள் 54 சதவீதம், மற்ற அணிகளில் 38. 2009 அக்டோபரில் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் சோதனை பற்றிய கட்டுரை வெளிவந்தது. 2012-இல் பெர்லோ இதைப் புத்தகமாக எழுதியபோது 30 நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட பி.சி.ஜி. அணிகள் இதில் இறங்கியிருந்தன.

டிட்டோவில் கரைந்தது இங்கே பரவியது ஏன்? முதல் காரணம் பணம். கன்சல்டிங் தொழிலில் ஆட்கள் விட்டுப் போவது பெரிய செலவு. பயிற்சி கொடுத்துத் தயாரித்த ஆள் இரண்டே வருடத்தில் போனால் நிறுவனத்துக்கு வலிக்கும். இரண்டாவது, பாஸ்டன் அலுவலகத்தின் மூத்த பார்ட்னர்களே இதைக் கையில் எடுத்தார்கள். ஆய்வாளர் கிளம்பிய பிறகும் வாரக் கூட்டத்தை நடத்த உள்ளேயே ஆள் இருந்தது. மூன்றாவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நிறுவனம் அதிகம் விட்டுக்கொடுக்கவில்லை. வாரம் 60 மணி நேர வேலை வாரம் 60 மணி நேரமாகவே இருக்கலாம். அதில் ஒரு மாலை மட்டும் நிச்சயம். முழு நாள் விடுப்பு என்ற முதல் சோதனை பரவாமல் ஒரு மாலை பரவியது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

எண்களை எவ்வளவு நம்பலாம்

இங்கே ஒரு தயக்கம் நியாயம். டிட்டோ ஒரே ஒரு அணி. பி.சி.ஜி.யில் சோதனையில் இறங்கிய அணிகளும் இறங்காத அணிகளும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. நல்ல தலைவர் இருக்கும் அணிதான் இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒப்புக்கொள்ளும் என்றால், 72-க்கும் 49-க்கும் உள்ள வித்தியாசத்தில் தலைவரின் பங்கு எவ்வளவு, மாலையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பதில்களும் அவரவரே சொன்னவை. ஆய்வாளர் அக்கறையாக வந்து பேசுவதாலேயே மனிதர்கள் கொஞ்சம் உற்சாகமாகிவிடுவார்கள் என்பது மேலாண்மைப் படிப்பின் பழைய பாடம்.

இந்தக் குறையை அடைத்தது மூன்றாவது சோதனை.

டோமோ: வென்ற பிறகு ரத்து

'டோமோ'வும் புனைபெயர்தான். ஒரு ஃபார்ச்சூன் 500 நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் நிதி கொடுத்த 'வேலை, குடும்பம், ஆரோக்கியம்' ஆய்வுக் கூட்டமைப்பு இதை நடத்தியது. எரின் கெல்லி, ஃபிலிஸ் மோன் ஆகிய சமூகவியலாளர்கள் முன்னின்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர், 56 பணிக் குழுக்கள். எந்தக் குழு புதிய முறைக்குப் போகிறது, எது பழையபடி தொடர்கிறது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. மருந்துகளைச் சோதிக்கும் அதே முறை.

புதிய முறையின் பெயர் ஸ்டார். அதில் இரண்டு பாகம். மேனேஜர்களுக்கு, கீழே இருப்பவர்களின் வீட்டு வாழ்க்கையையும் வேலை வளர்ச்சியையும் எப்படி ஆதரிப்பது என்று பயிற்சி. ஒரு ஐபாட் டச் கருவியைக் கையில் கொடுத்து, நாள்தோறும் அப்படி ஏதாவது செய்தீர்களா என்று நினைவூட்டவும் வைத்தார்கள். இரண்டாவது பாகம் குழு முழுவதும் சேர்ந்து உட்காரும் பட்டறைகள்: எப்போது, எங்கே இருந்து வேலை செய்வது என்பதை அவரவரே தீர்மானித்தால் என்ன? எந்தக் கூட்டம் தேவை, எது தேவையில்லை?

பட்டறைகளின் விதை மினசோட்டாவில் தலைமையகம் கொண்ட பெஸ்ட் பை நிறுவனத்திலிருந்து வந்தது. காலி ரெஸ்லரும் ஜோடி தாம்ப்சனும் அங்கே தொடங்கிய ரோவ் என்ற முறை அது: முடிவைப் பார், நேரத்தைப் பார்க்காதே. 'இப்பத்தான் வர்றீங்களா?' என்று சிரித்துக்கொண்டே ஒருவரைக் குத்தும் பேச்சுக்கு அங்கே 'ஸ்லட்ஜ்' என்று பெயர். அடைத்துக்கொண்ட சகதி. யாராவது அப்படிப் பேசினால் உடனே அதைச் சுட்டிக்காட்டப் பழக்கினார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது நம் ஊருக்குக் கொண்டுவரலாம். ஐந்து மணிக்குப் பையை எடுத்தால் 'என்ன, இன்னிக்கு ஹாஃப் டேயா?' என்று கேட்காத அலுவலகம் இங்கே எங்கே இருக்கிறது?

டோமோ முடிவுகள் 2014-லும் 2016-லும் 'அமெரிக்கன் சோசியாலஜிக்கல் ரிவ்யூ' இதழில் வந்தன. ஸ்டார் குழுக்களில் வேலைக்கும் குடும்பத்துக்கும் உள்ள மோதல் குறைந்தது. சோர்வு, மன அழுத்தம் குறைந்தன, வேலையில் திருப்தி கூடியது. பின்னர் வந்த ஒரு கட்டுரையின்படி, தாமாக வேலையை விட்டுப் போவதும் ஸ்டார் குழுக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. வேலை நேரம்? அது மாறவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 70, 90 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள் இரண்டு தரப்பிலும் இந்த ஒரு வரியை உட்கார்ந்து படிக்க வேண்டும். அதே அளவு மணி நேரம், ஆனால் எப்போது, எங்கே என்ற பிடி கையில் இருந்தபோது உடம்பும் மனமும் வேறு மாதிரி இருந்தன.

இத்தனைக்கும் பிறகு ஸ்டார் நிறுத்தப்பட்டது. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே டோமோவை வேறொரு நிறுவனம் வாங்கியது. புதிய தலைமை பழைய இறுக்கமான முறைக்குத் திரும்பியது. பெஸ்ட் பையிலும் இதேதான்: வியாபாரம் தள்ளாடிய நேரத்தில் புதிய தலைமை அதிகாரியாக வந்த ஹூபெர்ட் ஜோலி, 2013-இல் ரோவ் முறைக்கு முடிவு கட்டினார். எல்லாவற்றையும் ஊழியரிடம் விட்டுவிடுவதே எப்போதும் சரியான தலைமை என்று அது எடுத்துக்கொள்கிறது என்பது அவர் ஆட்சேபம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். டோமோவிடம் அப்படி ஓர் ஆட்சேபத்துக்கு எதிராக வைக்கக் குலுக்கல் முறைச் சோதனையின் முடிவுகளே இருந்தன. வாங்கியவர்களை அது அசைக்கவில்லை. ஒரு முறை வேலை செய்கிறது என்று நிரூபிப்பதும், அதைத் தொடர வைப்பதும் வேறு வேறு வேலைகள் என்று இங்கே தெரிகிறது.

கடலுக்கு இந்தப் பக்கம்

கெல்லியும் மோனும் 2020-இல் எழுதிய புத்தகத்தில் டோமோ ஊழியர்களின் சுமைக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, வேலையின் ஒரு பகுதி இந்தியாவுக்குப் போனது. போனதால் சுமை குறையவில்லை. இந்திய அணியோடு பேச அதிகாலையிலும் பின்னிரவிலும் தொலைபேசி அழைப்புகள் சேர்ந்தன. அமெரிக்கப் பக்கத்தில் இது ஒரு புகார். மறுமுனையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவர் யார்? சோழிங்கநல்லூரிலோ பெங்களூரிலோ இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவர். ஸ்டார் சோதனை அமெரிக்க ஊழியர்களுக்கு மட்டும். குலுக்கல் கரையோடு நின்றுவிட்டது. ஒரே திட்டம், ஒரே கெடு. பாதி அணி ஆய்வுக்குள், பாதி வெளியே.

கோடைக்காலத்தில் நியூயார்க்கில் காலை 11 மணி கூட்டம் என்றால் சென்னையில் இரவு 8.30. அது தினமும் இருந்தால், நம் பக்கத்து அணித் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பி.சி.ஜி. மாதிரி ஒரு மாலையை உத்தரவாதம் தர முடியாது, ஒரு வழி தவிர: அந்த அழைப்பில் எல்லோரும் உட்காரத் தேவையில்லை என்று முடிவு செய்வது. பல அணிகளில் ஏழெட்டுப் பேர் வாய் மூடி உட்கார்ந்திருக்க இரண்டு பேர்தான் பேசுவார்கள். மற்றவர்கள் இருப்பது 'ஒருவேளை கேட்டால்' என்பதற்காக. வாரத்தில் யாருக்கு எந்த நாள் என்று முறை வைத்து, போகாதவரின் வேலையைப் போகிறவர் தெரிந்து வைத்திருந்தால் போதும். இதற்கு நிர்வாகத்தின் அனுமதியே வேண்டியதில்லை. அணி தன் வேலையைத் திரும்பிப் பார்க்க ஏற்கனவே நடத்தும் ரெட்ரோ கூட்டத்தில் நாட்காட்டியைத் திறந்து பார்க்கும் பத்து நிமிடத்தைச் சேர்த்தால் பி.சி.ஜி. முறையின் முக்கால்வாசி வந்துவிடும்.

மீதிக் கால்வாசிதான் கடினம். பி.சி.ஜி. பார்ட்னர் கிளையன்டோடு நேருக்கு நேர் பேசக்கூடியவர். 'புதன் மாலை இவர் இருக்க மாட்டார்' என்று அவரால் சொல்ல முடியும். வேலையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் நம் டெலிவரி மேனேஜருக்கு அந்த இடம் பெரும்பாலும் இல்லை. அதோடு, ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பில் போடும் ஒப்பந்தத்தில் வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்குப் பரிசு கிடையாது. டைம்ஷீட்டில் எட்டு மணி நேரமோ ஒன்பது மணி நேரமோ ஏறும். இரவு அழைப்பு அதில் ஏறாது. எழுத்தில் வராத நேரம் செலவு இல்லாத நேரம் ஆகிவிடுகிறது. டிட்டோவில் பெர்லோ தாளில் எழுத வைத்தபோதுதான் அதிகாலையும் பின்னிரவும் வெளியில் தெரிந்தன. இங்கே அந்த இரண்டையும் மறைப்பதற்கென்றே தாள் இருக்கிறது.

எம்.ஐ.டி.யின் லோட் பெய்லின் குழு பல ஆண்டுகளாக வலியுறுத்திய ஒரு கருத்து உண்டு: வேலையை மாற்றி அமைக்கும்போது நிறுவனத்தின் தேவை, ஊழியரின் வாழ்க்கை என்ற இரண்டு இலக்குகளையும் ஒன்றாக மேசையில் வைக்க வேண்டும். கெல்லியும் மோனும் தங்கள் முறையை அந்த மரபில்தான் வைக்கிறார்கள். அவுட்சோர்சிங்கில் அந்த மேசை எது என்று தேடினால், ஒப்பந்தம் எழுதும் மேசைதான். இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய நேரம் தினமும் எத்தனை மணி, எந்தப் பக்கம் எத்தனை நாள் இரவில் உட்காரும், வாரத்தில் எத்தனை நாள் அழைப்பு கிடையாது என்பதெல்லாம் ரெஸ்பான்ஸ் டைம் (எவ்வளவு நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற விதி) போலவே எழுதி வைக்கக்கூடிய விஷயங்கள். எழுதும்போது அங்கே இருப்பவர்கள் விற்பனைக் குழுவும் கிளையன்டின் கொள்முதல் பிரிவும். டெலிவரி மேனேஜரிடம் காகிதம் வரும்போது அதில் கையெழுத்து விழுந்திருக்கும்.